வேலம்மாவின் நுவரெலியா

வேலம்மா கலியாணம் முடித்து எங்கள் தோட்டத்தில் வந்து இறங்கிய அன்று, லொறியை விட்டுக் காலைக் கீழே வைத்ததும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இதுவா மலை?" என்பதுதான்.

நடந்தது 1973இல். நான் அந்தத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாகப் போனது 1981இல். ஆகவே இந்த முதல் காட்சியை நான் பார்க்கவில்லை. ஆனால் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரு எழுத்து பிசகாமல் இதையே சொன்னார்கள். பத்துப் பேர் ஒரே மாதிரிப் பொய் சொல்லும் அளவுக்கு அங்கே ஒற்றுமை இருக்கவில்லை என்பதால் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன்.

தோட்டம் மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் வழியில், மலைச்சரிவில் இருந்தது. பாதி ரப்பர், மீதியில் கொக்கோவும் கராம்பும் மிளகும். வேலம்மாவோ நுவரெலியாவுக்குச் சற்றுக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. மாப்பிள்ளை இருளாண்டி ரப்பர் பால் வெட்டுகிறவன். பேச்சென்றால் அவனுக்குப் பெரிய செலவு. அன்று ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றவள் அவனுடைய அக்கா சுந்தரம்மா. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் தூங்க வைக்கக்கூடிய தொண்டை அவளுக்கு.

அந்தத் தொண்டையில் சுந்தரம்மா கேட்டாள்: "பின்ன இது என்னாவாம்? கொளமா?"

"இல்லீங்க மதினி. எங்க ஊருல இத மேடுன்னு சொல்லுவோம்."

ஆலாத்தி சுற்றாமலே தட்டு உள்ளே போய்விட்டது. பெரியவர்கள் கெஞ்சித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அன்று ஆரம்பித்தது முப்பது வருஷம் ஓயவில்லை. இரண்டு பேரின் காம்பராக்களும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு சுவர்தான். காலையில் தண்ணீர்ப் பீலியடியில் தொடங்கினால், மாலையில் விறகு கட்டிக்கொண்டு வரும்வரை அதே பேச்சு.

"எங்க ஊருல விடியக்காலையில தண்ணியத் தொட்டா கை வெறச்சுப் போகும் மதினி."

"அப்ப ஒங்க ஊருல ஒருத்தரும் மூஞ்சி கழுவ மாட்டீங்களா?"

"எங்க ஊருல ரோசாப் பூ ரோட்டோரத்துல சும்மா பூத்துக் கெடக்கும்."

"பறிச்சுக் கொழம்பு வைக்கலாமா?"

வந்த முதல் வாரமே வேலம்மாவின் காலில் அட்டை ஏறிவிட்டது. உப்புத்தூளைத் தேய்த்தபடி, "எங்க ஊரு அட்டையெல்லாம் மரியாதையா கடிக்கும். கடிச்சதே தெரியாது" என்றாளாம். சுந்தரம்மா இதைப் பிள்ளைக்காம்பராவில் வந்து எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று பிற்காலத்தில் என்னிடம் ஒப்புக்கொண்டாள். வந்தவள் ஊருக்கு ஒரு அட்டைகூட உயர்த்தியாக இருக்கிறதே, நம் ஊருக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாளாம்.

உண்மையில், வேலம்மா வரும்வரை சுந்தரம்மா அந்த மலைகளை ஏறெடுத்துப் பார்த்தவளே இல்லை. மலை என்றால் அவளுக்கு விறகு; மழை என்றால் கூரை ஒழுக்கு. இப்போது வாதத்துக்கு ஆயுதம் தேவைப்பட்டது. பிள்ளைக்காம்பராத் தாழ்வாரத்தில் நின்று சுற்றிப் பார்க்கத் தொடங்கினாள். மாசி மாதம் ரப்பர் இலை சிவந்து உதிரும்போது எதிர் மலை முழுக்க நெருப்புப் பிடித்த மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தாள். கராம்பு மொட்டைச் சாக்கில் பரப்பிக் காய வைக்கும் நாட்களில், மேல் ரோட்டில் போகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று மூச்சிழுத்துவிட்டுத்தான் போகிறான் என்பதைக் கவனித்தாள். மழை விட்ட அடுத்த நிமிஷம் நக்கிள்ஸ் மலைத்தொடர் கழுவிக் கவிழ்த்த சட்டிகள் மாதிரி வரிசையாகத் தெரிவதைக் கண்டாள். கண்டதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள் பீலியடியில் கொட்டினாள்.

"ஒங்க ஊருல தேங்கா காய்க்குமா? மாங்கா? பலா? ஒரு கராம்பு மொட்டு உண்டா, ஒரு மொளகுக் கொடி உண்டா? எந்நேரமும் மூடுபனி மூடுபனின்னு சொல்றியே, அந்தப் பொகையத் தின்னுட்டா வளந்தீங்க?"

வேலம்மா அன்று பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தேங்காய் விஷயம் அவளை நீண்ட நாள் உறுத்தியது.

1976இல் வேலம்மாவின் அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேருக்கும், இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விட, இந்தியாக் கடவுச்சீட்டு வந்தது. கண்டி ஸ்டேசனுக்குப் போய் அவர்களைக் கோச்சி ஏற்றிவிட்டு வந்தாள். அவர்கள் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல் ஏறிப் போனார்கள். வேலம்மா அப்போது மூத்த மகளை வயிற்றில் சுமந்திருந்தாள். அதன் பிறகு நுவரெலியாப் பக்கம் அவளுக்கென்று ஒரு வீடு இல்லை, போய் நிற்க ஒரு வாசல் இல்லை. ஆனால் "எங்க ஊரு" மட்டும் குறையவில்லை. கூடியது. முன்பு ஒரு நீர்வீழ்ச்சி இருந்த இடத்தில் இப்போது மூன்று வந்தன. அந்த ஒரு மாதம் மட்டும் சுந்தரம்மா எதிர்த்துப் பேசவில்லை. "மூணு என்னா, நாலுகூட இருக்கும்" என்றாளாம்.

நான் கண்ணால் பார்த்ததில் பெரியது 1983இல். ஆடி மாதம், மாத்தளை டவுன் பக்கம் கரும்புகை எழுந்ததைத் தோட்டத்திலிருந்தே பார்த்தோம். தமிழரை அடிக்க ஆட்கள் லொறியில் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. லயத்துச் சனம் முழுவதும் கொக்கோக் காட்டுக்குள் போய் ஒளிந்தோம். மத்தியானம், வெயில் கிளைகளுக்கிடையில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் வாயில் றொட்டியைத் திணித்துச் சத்தம் வராமல் வைத்திருந்தார்கள். ரோட்டில் ஏதோ வாகனம் போகும் இரைச்சல். மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துப் புதரிலிருந்து வேலம்மாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"எங்க ஊரா இருந்தா இப்பிடி எலகொழையக் கட்டிக்கிட்டு உக்கார வேணாம் மதினி. நாலு மணியானா மூடுபனி எறங்கிரும். பக்கத்துல நிக்கிறவனே தெரிய மாட்டான்."

சுந்தரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "வாய மூடு. ஒன் மூடுபனியாலயே இன்னைக்கி நாங்க எல்லாரும் சாகப் போறோம்."

யாரோ ஒருவர் 'க்ளுக்' என்று சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டது. உயிர் பயத்தில் வரும் சிரிப்பை அடக்குவதுபோல் கஷ்டமான காரியம் உலகத்தில் இல்லை. இருளாண்டி தலைத்துண்டை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டான். நான் ஒரு கொக்கோக் காயைக் கடித்தேன். வாகனம் நிற்காமல் போய்விட்டது. மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது நாலு காம்பராக் கதவுகள் உடைந்திருந்தன. கோழிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காட்டில் இருந்தவர்கள் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசினால், புகையைச் சொல்லி முடிக்கும்போதே மூடுபனிக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து வேலம்மாவின் அண்ணன் முத்துக்கறுப்பனின் கடிதம் வந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்ததாம். பாடசாலைக்கு எடுத்து வந்து என்னிடம் படிக்கச் சொன்னாள். சுகசேதியெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசி வரியில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சேர், அத இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்: "தங்கச்சி, இந்த நீலகிரி மலை அழகுக்கு நம்ம நுவரெலியா கிட்ட நிக்காது."

"அவன் எழுதல சேர். வேற யாரோ எழுதிக் குடுத்திருக்கான்."

"கையெழுத்து அவருடையதுதானே வேலம்மா?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். பிறகு, "பதில் எழுதுங்க" என்றாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் சொன்னது மூன்று வரி. "நாங்க நல்லா இருக்கோம். நீயும் நல்லா இரு. நுவரெலியாவப் பத்தி நீ ஒண்ணும் பேச வேணாம்."

"வேற ஏதாவது? பிள்ளைகளைப் பற்றி?"

"அவனுக்கு இது போதும்."

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் கடிதமே போடவில்லை. விஷயம் எப்படியோ சுந்தரம்மாவின் காதுக்குப் போனது. சத்தியமாக நான் சொல்லவில்லை. அவள் ஏளனம் செய்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "கூடப் பொறந்தவனே இப்பிடிப் பேசலாமா?" என்று சுந்தரம்மா வேலம்மாவுக்காக ஆத்திரப்பட்டதைப் பார்த்து லயமே ஏமாந்து போனது.

2002இல் யுத்தம் நின்று சமாதானம் என்று சொன்னார்கள். ரோட்டுத் தடைகள் குறைந்தன. வருஷக்கணக்காக எங்கும் போகாமல் அடைந்து கிடந்த சனம் ஒரு ட்ரிப் போக வேண்டும் என்று கிளம்பியது. தோட்டத் தலைவர் லெட்சுமணன் கூட்டம் போட்டார். திருகோணமலைக் கடலா, நுவரெலியாவா என்று கேள்வி. வேலம்மா இரண்டு நாள் வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினாள். கடைசியில் கையை உயர்த்திக் கணக்கிட்டபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றது. இன்னும் கையைத் தூக்காத சுந்தரம்மாவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நுவரெலியாவுக்கே போவோம்" என்றாள் சுந்தரம்மா. "கிட்டத்தட்ட முப்பது வருசமா காதால பாத்தாச்சு. ஒரு தடவ கண்ணாலயும் பாத்துட்டா, இவ வாய அடைச்சுட்டு நிம்மதியா சாகலாம்."

மாத்தளை டவுன் ஜுனைதீன் நாநாவின் பஸ்ஸைப் பேசினோம். ஓட்டுவதும் அவர்தான். பங்குனி மாதம், காலை நாலரைக்குப் புறப்பட்டோம். குளிரைப் பற்றி வேலம்மா ஊட்டிய பயத்தில் ஐம்பது பேரும் சுவெட்டர், குல்லா, காதைச் சுற்றித் துவாய் என்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பளை தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்குள் எல்லாரும் அவிந்துகொண்டிருந்தோம். ஆனால் ஒருவரும் சுவெட்டரைக் கழற்றவில்லை; டிரைவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த வேலம்மா ஒவ்வொரு வளைவிலும், "அடுத்த திருப்பத்துல குளிரும், கழட்டிப்புடாதீங்க" என்று எச்சரித்துக்கொண்டே வந்தாள்.

ஜுனைதீன் நாநா நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, "தங்கச்சி, இந்தத் திருப்பமா, இன்னும் மிச்சமிருக்கா?" என்று கேட்டார்.

ரம்பொடைக்கு வந்ததும் வேலம்மா எழுந்து நின்றாள். "இப்ப பாருங்க! சிங்கம் மாதிரி விழும். சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது."

பஸ் நின்றது. எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். அந்த வருஷம் நல்ல கோடை. கறுத்த பாறையில் ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு நாய் கொட்டாவி விட்டது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

"யாரோ பைப்ப மூடிட்டாங்க போல" என்றார் லெட்சுமணன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வேலம்மாவின் முகம் சுருங்கிப் போனது. அவள் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னா சிரிப்பு?" பிள்ளைக்காம்பராத் தொண்டை எழுந்தது. ஐம்பது பேரும் அடங்கினார்கள். "பங்குனியில எந்த ஆத்துல தண்ணி இருக்கு? பாறையப் பாருங்கடா, எம்மாம் ஒசரம்! தண்ணி இருந்தா சிங்கந்தான். ஏறுங்க பஸ்ஸுல."

வேலம்மா சுந்தரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து, வேலம்மா பிறந்த தோட்டம். அதே லயம், அதே தகரக் கூரை. அவளுடைய அப்பாவின் காம்பராவில் இப்போது நல்லம்மா என்று ஒரு பெண் இருந்தாள். வேலம்மாவின் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் எங்களில் நாலைந்து பேரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தாள். வேலம்மா மட்டும் வாசலில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"இங்கன நின்னா மலை தெரியுமே?"

"மலையா?" நல்லம்மா யோசித்தாள். "டர்பன்டைன் மரம் வச்சுப் பதினஞ்சு வருசமாச்சுங்க. அதுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு யாரு பாத்தா? ஆமா, நீங்க இப்ப எந்த ஊரு?"

"மாத்தளை."

"ஐயோ பாவம்." நல்லம்மா உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். "அது காஞ்ச ஊரில்ல? பச்சையா ஒண்ணுமே இருக்காதாமே? எப்பிடித்தான் இருக்கீங்களோ."

வேலம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு சொன்னா காஞ்ச ஊருன்னு? வந்து பாத்திருக்கீங்களா? மாசி மாசம் வந்து பாருங்க. ரப்பர் எல செவந்து மலையே தீப்புடிச்ச மாதிரி நிக்கும். எங்க ஊருல கராம்பு காயவச்சா ரோட்டுல போறவன் நின்னு மூச்சிழுத்துட்டுத்தான் போவான். மழ விட்ட ஒடனே நக்கிள்ஸ் மலையப் பாக்கணும், கழுவிக் கவுத்துன சட்டி மாதிரி! மொளகு, மாங்கா, பலா, ஜாதிக்கா... ஒங்க ஊருல தேங்கா காய்க்குமா? காய்க்குமான்னு கேக்குறேன்! இந்தப் பொகையத் தின்னுட்டா இருக்கீங்க?"

சுந்தரம்மாவின் கையிலிருந்த பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நல்லம்மா பயந்துபோய், "தேங்காய டவுன்லதான் வாங்குறோம்" என்று மெல்லச் சொன்னாள்.

"அதத்தான் சொல்றேன்" என்று வேலம்மா உட்கார்ந்து, அவள் தந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் சுந்தரம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏ புள்ள, அது பூரா நான் சொன்னதுல்ல?"

"யாரு சொன்னா என்னா மதினி? உள்ளதத்தானே சொன்னேன்."

நுவரெலியா டவுனுக்குப் போய் ஏரிக்கரையில் இறங்கும்போது மணி நாலு. அப்போதுதான் இறங்கியது மூடுபனி. ஐந்து நிமிஷத்தில் ஏரி காணாமல் போனது. பஸ்ஸும் லெட்சுமணனும் காணாமல் போனார்கள். கழற்றியிருந்த சுவெட்டர்களைத் தேடி எல்லாரும் ஓடினார்கள். சுந்தரம்மா மட்டும் முந்தானையைக்கூடப் போர்த்தாமல் நடந்துகொண்டே இருந்தாள். நான் தேடிப்போனபோது முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் நீர்த்துளி.

"சேர், இது மூஞ்சில வந்து ஒக்காருது" என்றாள். "அவகிட்ட சொல்லிப்புடாதீங்க."

எனக்குச் சொல்லத் தேவையே வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு வேலம்மா மாத்தளையின் பெருமையை யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள். மாத்தளைக்காரியான சுந்தரம்மாவுக்கு எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் போனது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் பீலியடியில், "என்னா இருந்தாலும் அந்தக் குளிரு இங்க வராது" என்று ஆரம்பித்தாள். வேலம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "குளிரத் தின்ன முடியுமா மதினி?" இருளாண்டி பால்வாளியோடு அவர்களைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று, யார் எந்தக் கட்சி என்று குழம்பிவிட்டு, நடையைக் கட்டினான்.

அடுத்த வருஷம் திருகோணமலை. அதே ஜுனைதீன் நாநா, அதே பஸ். தோட்டத்தில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. வேலம்மாவும் சுந்தரம்மாவும் அதில் அடக்கம். தம்புள்ளை, ஹபரணை தாண்டிக் காட்டு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தோம். பத்து மணிபோல மரங்கள் விலகின. கண்ணுக்கு எட்டியவரை நீலத் தண்ணீர், வெயிலில் மின்னிக்கொண்டு.

"கடல்!" என்று கத்தினாள் வேலம்மா. "மதினி, கடல்! நாந்தான் மொதல்ல பாத்தேன்!"

"நீ வாயால பாத்த. நான் அதுக்கு முந்தியே கண்ணால பாத்துட்டேன்!"

நிறுத்தச் சொல்லி இரண்டு பேரும் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டினார்கள். ஜுனைதீன் நாநா நிறுத்தினார். இருவரும் கரைமேட்டில் ஏறி நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சுந்தரம்மா அழுதேவிட்டாள். "எம்மாம் பெருசு! ஆண்டவனே, எம்மாம் பெருசு! நுவரெலியாவாவது, மாத்தளையாவது!" வேலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டையும் இதுல தூக்கிப் போடலாம் மதினி" என்றாள்.

ஜுனைதீன் நாநா இரண்டு பேரையும் பார்த்தார். சொல்ல அவருக்கு மனமே இல்லை. "தங்கச்சி," என்றார் கடைசியில், "இது கந்தளாய்க் கொளம். கடலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் போகணும்."

மீதி வழி முழுவதும் பஸ் குலுங்கியது ரோட்டால் அல்ல. இரண்டு பெண்களும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உப்புவெளிக் கரையில் பஸ் நின்றதும் பிள்ளைகளும் பெரியவர்களும் கூவிக்கொண்டு மணலில் ஓடினார்கள். இவர்கள் இருவரும் ஆசனத்தை விட்டு அசையவில்லை.

"இதுவும் கொளமாத்தான் இருக்கும்" என்றாள் வேலம்மா.

"கடல்தான் தங்கச்சி, சத்தியமா. பாருங்களேன், அலை அடிக்குதே" என்று ஜுனைதீன் நாநா கெஞ்சினார்.

"அங்கயுந்தான் அடிச்சுச்சு."

கடைசியில் நான் போய்க் கூப்பிட்டேன். படித்தவன் சொல்கிறானே என்று அரைமனதாக இறங்கி வந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் வேலம்மா குனிந்து, ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள். முகம் கோணியது. துப்பினாள்.

"மதினி, உப்பு!"

சுந்தரம்மா தானும் அள்ளிப் பார்த்தாள். "ஆமா புள்ள. உப்புத்தான்." அதை அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அலை வந்து இரண்டு பேரையும் இடுப்போடு தள்ளி உட்கார வைத்தது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், சேலையெல்லாம் நனைந்து, பல் தெரியச் சிரித்தார்கள். எழுப்பிவிடப் போனவர்களையும் விடவில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள்.

வெகுநேரம் கழித்து வேலம்மா என்னைக் கேட்டாள்: "சேர், இப்பிடியே நேரா போனா என்னா வரும்?"

"ரொம்ப தூரம் போனால் பர்மா வரும்."

"அங்க எப்பிடி இருக்குமாம்?" என்றாள் சுந்தரம்மா.

"நம்ம ஊரு மாதிரி இருக்காது மதினி."

"நீ போயிப் பாத்தியா?"

"நீங்க போயிப் பாத்தீங்களா, நல்லா இருக்கும்னு சொல்றதுக்கு?"

"நான் எங்கடி சொன்னேன் நல்லா இருக்கும்னு?"

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஜுனைதீன் நாநா மூன்று தரம் ஹோன் அடித்தார். அலைச் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பர்மா விஷயம் தீராமல் அவர்கள் எழுந்திருக்கப்போவதில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் மணலில் இறங்கினேன்.